கான்ஃபிகர் பாதியில் நிற்கிறதா? கான்ஃபிக்.கெஸ் கோப்பைப் பாருங்கள்

64-பிட் ஆர்ம் (ARM) செயலி உள்ள கணினியில் கான்ஃபிகர் (மூல நிரலைக் கம்பைல் செய்யும் முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் ஸ்கிரிப்ட்) ஓட்டினால், 'கணினி வகையை ஊகிக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது என்றீர்கள். கம்பைலரைச் சந்தேகிக்க வேண்டாம். மூல நிரலோடு வந்த கான்ஃபிக்.கெஸ் (config.guess, கணினி வகையை ஊகிப்பது), கான்ஃபிக்.சப் (config.sub, அந்த வகையின் பெயரைச் சரிபார்ப்பது) இரண்டும் பழசாக இருக்கும். திறந்து பாருங்கள், மேற்பகுதியிலேயே டைம்ஸ்டாம்ப் (கோப்பின் தேதி) வரி உண்டு. 2012-க்கு முந்தைய தேதி என்றால் அதற்கு உங்கள் கணினி வகையே தெரியாது.

கான்ஃபிகரையும் அதன் துணைக் கோப்புகளையும் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் (autoreconf) கட்டளையை -எஃப் (-f), -ஐ (-i) என்ற இரண்டு தெரிவுகளையும் சேர்த்து ஓட்டுங்கள். -எஃப் மிக முக்கியம். அது இல்லையென்றால் பழைய கோப்பு அப்படியே கிடக்கும். நிரல் மிகப் பழையது என்றால் இந்தக் கட்டளையே பிழை காட்டலாம். சரி, அப்போது உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் ஆட்டோமேக் (automake) என்ற கருவியின் அடைவிலிருந்து அந்த இரண்டு கோப்புகளையும் எடுத்து நேரடியாக மேலெழுதிவிடுங்கள்.

அப்புறம், துணை அடைவுகளிலும் இவற்றின் நகல்கள் இருக்கலாம். ஃபைண்ட் (find) கட்டளை போட்டுத் தேடி, ஒன்று விடாமல் மாற்றுங்கள்.