என் மகள் எந்நேரமும் முறுமுறுக்கிறாள்

அன்பின் ஆலோசகருக்கு,

நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் வசிக்கும் 61 வயதுத் தாய். மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் என்னுடன் ஒரே வளவில் இருக்கிறார்கள். மகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். விடிந்தால் முறைப்பாடு, பொழுதுபட்டால் முறைப்பாடு. நுண்கடன் கட்டவில்லையென்று ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்பாள். இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டன என்பாள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பாள். “கடவுளுக்கு எங்களைக் கண்ணில் தெரியவில்லையா?” என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்கிறாள். எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இருப்பதை வைத்து நன்றி சொல்லப் பழகு என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். பாலைநிலத்தில் முறுமுறுத்த இஸ்ரயேலரைக் கடவுள் கொள்ளிவாய்ப் பாம்புகளை அனுப்பித் தண்டித்தார் என்று எங்கள் செபக்குழுவை நடத்தும் அக்கா சொன்னார். அதை மகளிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு அளவாகத்தான் கதைக்கிறாள். நான் பட்டதில் பாதிகூட அவள் படவில்லை. முள்ளிவாய்க்காலில் நானும் ஒருநாள் இப்படித்தான், இன்றைக்கும் இந்தக் கஞ்சிதானா, எங்களைச் சாகடிக்கவா கடவுள் இங்கே கொண்டுவந்து விட்டார் என்று வாய்விட்டேன், அதன் பிறகுதான் சின்னவன் வாளியோடு கஞ்சி வரிசைக்குப் போனான், அங்கே செல் விழுந்தது, ஆகவே வாயின் பலன் என்னவென்று எனக்குத் தெரியும். மகளுக்கு அது தெரியாது. அவள் கடனைப் பற்றியே புலம்புகிறாள். மருமகனும் அவளை ஒன்றும் சொல்வதில்லை. அவளைத் திருத்த ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்பின் அம்மா,

மகளின் குறைகளை ஒன்றுவிடாமல் எழுதிய நீங்கள், சின்னவனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குத்தான் நான் பதில் எழுதப்போகிறேன். கடனும் வலையும் கிணறும் உண்மையான கஷ்டங்கள். அவற்றை வாய்விட்டுச் சொல்பவளைத் திருத்த வேண்டியதில்லை.

அன்று நீங்கள் முறுமுறுத்ததற்குத் தண்டனையாகக் கடவுள் உங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று 2009 இலிருந்து நம்பியிருக்கிறீர்கள், பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல். அது உண்மையில்லை அம்மா.

அந்த வரிசையில், இரவெல்லாம் செபமாலை சொன்ன தாய்மாரின் பிள்ளைகளும் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி உங்களிடம் வந்து, “என் வாயால்தான் என் பிள்ளை செத்தான்” என்று அழுதால் ஆம் என்பீர்களா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துச் சொல்லி, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்கிறார். லூக்கா 13 இல் இருக்கிறது. கஞ்சி வரிசையின் மேல் விழுந்த செல்லை ஏவியது மனிதக் கை. அந்தக் கையின் குற்றத்தை நீங்கள் உங்கள் வாயின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

பாம்புக் கதை எண்ணிக்கை நூலின் 21 ஆம் அதிகாரத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் செபக்குழு அக்கா அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டார். விடுதலைப் பயணம் 15 முதல் 17 வரை அதே மக்கள் கசந்த தண்ணீருக்கும் பசிக்கும் தாகத்துக்கும் முறுமுறுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நல்ல தண்ணீரும் காடையும் மன்னாவும். எண்ணிக்கை 11 இல் மோசே உங்களைவிடக் கடுமையாகப் பேசுகிறார். இந்த மக்களையெல்லாம் நானா வயிற்றில் சுமந்தேன், இப்படி நடத்துவதைவிட என்னைக் கொன்றுவிடும் என்கிறார். அவருடைய சுமையைப் பகிர 70 மூப்பர்கள் வந்தார்கள். சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவுக்கு வானதூதர் கொண்டுவந்தது தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும். பசித்த பிள்ளைகளோடு பதுங்குகுழியில் கிடந்த ஒரு தாய் கஞ்சியைப் பார்த்துச் சொன்னதை மட்டும் இந்தக் கடவுள் பொறுக்கமாட்டாரா?

இனி எழுதப்போவது உங்களுக்கு வலிக்கும். பிள்ளைகளையெல்லாம் இழந்து தவித்த யோபுவிடம் வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய்திறக்காமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகுதான், நீ செய்த ஏதோவொன்றுக்காகத்தான் இது வந்தது என்று பேசத் தொடங்கினார்கள். தான் பிறந்த நாளையே சபித்தவர் யோபு. ஆனால் 42 ஆம் அதிகாரத்தில் கடவுள் சினப்படுவது அந்த நண்பர்கள் மேல். உங்கள் மகளுக்கு முன்னால் நீங்கள் அவர்களுடைய இடத்தில் நிற்கிறீர்கள். பாதிகூடப் படவில்லை என்று எப்படி எழுதினீர்கள்? செல்லடிக்குள் அவளும் இருந்திருப்பாளே? செத்தவன் அவளுடைய தம்பி அல்லவா?

அவள் வாய்திறக்கும் ஒவ்வொரு முறையும் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று நடுங்குகிறீர்கள் என்றே நினைக்கிறேன். நெஞ்சு பதறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கேட்பது உங்கள் அதட்டல் மட்டும்தான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, கஞ்சி வாளியின் கதையை அவளிடம் சொல்லுங்கள். அவள் அழலாம். ஏன் இத்தனை காலம் மறைத்தீர்கள் என்று கோபிக்கவும் செய்யலாம், அதற்கு இடம் கொடுங்கள். அந்த நாள் இரவில் கண்முன் வந்து நித்திரையைக் குழப்புகிறதென்றால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை செபக்குழு கூடும்போது, திருப்பாடல் 88 ஐ முழுதாக வாசிக்கும்படி அக்காவிடம் நீங்களே கேளுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அது முறைப்பாடுதான்.