படத்தில் புகை, சென்சாரில் சுத்தக் காற்றா?

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் வரும் செயற்கைக்கோள் படத்தில் உங்கள் ஊருக்கு மேல் அடர்ந்த புகை, வீட்டுக் காற்றுத்தர சென்சாரிலோ பி.எம் 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களின் அளவு) குறைவு, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். செயற்கைக்கோள் தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை உள்ள துகள்களை மொத்தமாகத்தான் பார்க்கிறது. புகை 3, 4 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போனால் கீழே மூக்குக்கு எதுவும் எட்டாது. சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் தரும் ஏரோசல் படல உயரத்தை, அதாவது துகள் படலம் எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பதைப் பாருங்கள், ஓரளவு பிடிபடும் (மேகம் இருந்தால் நான் அதை நம்ப மாட்டேன்). அப்புறம், காலையில் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். வெயில் ஏறித் தரைக்காற்று மேலே கிளம்பிக் கலக்கும்போது, தாழ்வாக மிதக்கும் புகை கீழே இறங்கிவிடும். மதியத்துக்கு மேல் சென்சாரை இன்னொரு தடவை பாருங்கள்.