மினி டிராக்டரில் டெம்பரேச்சர் முள் ஏறவே மாட்டேன்கிறது, என்ன பழுது?

ஒரு மணி நேரம் ரோட்டவேட்டர் ஓட்டியும் முள் குளிர் பக்கமே கிடக்கிறது என்றால், உடனே மீட்டரைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் பழுது அங்கே இருக்காது.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பக்கத்தில் இன்ஜினில் திருகியிருக்கும் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். பல மினி டிராக்டர்களில் அதற்கு ஒரே ஒயர்தான். எர்த் இன்ஜின் உடம்பு வழியாகவே கிடைக்கிறது. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், முள் மேலே போகும். அதனால் சோதனை சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த ஒயரைக் கழற்றி இன்ஜினின் துருவில்லாத இரும்பில் ஓரிரு நொடி தொட வையுங்கள். முள் சிவப்பை நோக்கி ஓடினால் மீட்டரும் ஒயரும் சரி, சென்சார்தான் போயிருக்கிறது. அசையவில்லையா? ஃபியூஸ், மீட்டருக்கு வரும் மின்சாரம், ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எலி கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. (இரண்டு ஒயர் சென்சார், டிஜிட்டல் மீட்டர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம்.)

சென்சாரை மாற்றுவது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கெட்டு, புது சென்சாரும் தப்பாகக் காட்டும்.

அப்புறம், சென்சார் மாற்றியும் முள் கொஞ்சம்தான் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம்.