மனச்சோர்வு மாத்திரையால் தோல் உரிந்துவிடுமா?

மனச்சோர்வுக்கான எஸ்சிடாலோப்ராம் 10 மி.கி. மாத்திரையைத் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து கைகளும் முதுகும் சிவந்து அரிக்கின்றன, தோல் உரிந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சல் இல்லை, வாயில் புண் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இணையத்தில் படம் பார்த்துப் பயந்துபோன அந்த ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக, அதாவது மருந்து ஒவ்வாமல் தோல் கொப்புளித்து உரியும் ஆபத்தான நோயாக, இது தெரியவில்லை. இந்த வகை மாத்திரைகளால் அது வருவது மிக மிக அபூர்வம். சில வலிப்பு மாத்திரைகளும் சல்ஃபா மருந்துகளும்தான் அதற்குப் பேர்போனவை.

அரிப்பைவிட வலிக்குத்தான் நான் பயப்படுவேன். தோல் தீப்பட்டதுபோல எரிந்து, தொட்டாலே வலித்தால், கொப்புளம் கிளம்பினால், உதடு, வாய், பிறப்புறுப்பில் புண் வந்தால், கண் சிவந்து கூசினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பல நேரம் ஓரிரு நாள் முன்பே காய்ச்சலும் தொண்டை வலியும் தொடங்கிவிடும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து, காரணமான மாத்திரையையே தொடர்ந்து விழுங்கியபடி தாமதமாக வந்து சேர்கிறவர்கள் உண்டு. முகமோ நாக்கோ வீங்கி மூச்சுத் திணறினாலும் இதே அவசரம்தான்.

நீங்கள் சொல்லும் வியர்வையும் வாய் உலர்வும் எஸ்சிடாலோப்ராமால் வருபவைதான். ஆபத்தில்லை, விடுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டதாக. எனக்கு அந்த வரிதான் முக்கியம். தடிப்பு வரவழைப்பதில் எஸ்சிடாலோப்ராமை முந்திக்கொண்டு நிற்கும் மருந்து அது. போதாததற்கு, அரிப்புக்கென்று அதே கடையில் டெக்சாமெத்தசோனும் வாங்கியிருக்கிறீர்கள். அது ஸ்டீராய்டு, தடிப்பை மறைத்துவிடும், மனநிலையையும் குலைக்கும். யாரைக் கேட்டு இதையெல்லாம் சாப்பிடுகிறீர்கள்?

தடிப்பைப் பார்த்ததும் எஸ்சிடாலோப்ராமை நிறுத்திவைத்தது தப்பில்லை. எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரிடம் ஒரு வாரமாகச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. எந்த மருந்தை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்பதை வைத்தே அவர் பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். எஸ்சிடாலோப்ராம்தான் என்றாலும் மனச்சோர்வுக்கு வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன; இனி மருந்தே எடுக்க முடியாதோ என்று கலங்காதீர்கள். தடிப்பை செல்போனில் படமெடுத்து, மூன்று மருந்துகளின் அட்டைகளோடும் நாளைக்கே அவரைப் பாருங்கள். நடுவில் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள்.