மகனுக்கு மாலைதீவிலிருந்து அழைப்பு: மூன்று இலட்சம் கட்டலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"நான் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. மகனுக்கு 17 வயதும் நாலு மாதமும். உயர்தரம் முதலாம் வருடம் படிக்கிறான். பாடசாலை அணியிலும் தோட்டத்துக் கழகத்திலும் அவன்தான் முன்வரிசை ஆட்டக்காரன். போன வருடம் நடந்த போட்டிகளில் நிறைய கோல் அடித்தான். கண்டியில் ஒரு மேட்சில் அவனைப் பார்த்த ஒருவர், மாலைதீவுக் கழகமொன்றில் சேர்த்துவிடுகிறேன், மூன்று இலட்சம் ரூபா கட்டினால் இரண்டு மாதத்தில் அனுப்பலாம் என்கிறார். கொழும்புக் கழகமொன்றும் பயிற்சிக்குக் கூப்பிட்டு, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. சீட்டுக் காசை எடுத்துக் கட்டிவிடலாமா? இவன் படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நிற்கிறான்."

சீட்டை எடுக்காதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

மாலைதீவுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி, 18 வயது நிரம்பாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றிப் பதிய முடியாது. விதிவிலக்கு சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருப்பது ஒன்று, எல்லையோரத்தில் வீடும் கழகமும் பக்கம் பக்கமாக இருப்பது இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றிய வட்டார நாடுகளுக்குள் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தனி ஏற்பாடு. பொகவந்தலாவையிலிருந்து மாலேக்குப் போகும் பையன் இவை எதிலும் அடங்கமாட்டான்.

பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு இது வளையும் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலின் என்ட்ரிக் என்ற முன்வரிசைப் பையனை ரியல் மட்ரிட் 2022 டிசம்பரில் பேசி முடித்தபோது அவனுக்கு 16 வயது. அவ்வளவு பெரிய கழகமே 2024 ஜூலையில் அவனுக்கு 18 நிரம்பும்வரை காத்திருந்துதான் அழைத்துக்கொண்டது. அப்படியிருக்க, கண்டியில் மேட்ச் பார்த்த ஒருவர் 17 வயதுப் பையனை இரண்டு மாதத்தில் அனுப்புகிறேன் என்றால், அவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்ததாகச் சொல்வார். விளையாடிச் சம்பளம் வாங்குவதும் வேலைதான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆள் அனுப்புகிறவருக்கும் பணியகத்தின் அனுமதி இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து அந்த ஆளின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள், பத்து நிமிட வேலை. கால்பந்து முகவர் என்று சொல்லிக்கொண்டால் பீபாவின் உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை பீபாவின் இணையத்தளத்தில் யாரும் தேடலாம், மகனே போனில் பார்த்துச் சொல்லிவிடுவான். 2023இல் வந்த புது விதிகளின்படி உரிமம் இல்லாத யாரும் முகவர் வேலை பார்க்க முடியாது, ஆட்டக்காரனின் சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. உரிமம் உள்ள முகவருக்குக் கூலி, பையன் ஒப்பந்தம் போட்டு வாங்கும் சம்பளத்தில் ஒரு வீதமாகக் கணக்காகும். முன்கூட்டியே பணம் கேட்கிறவர் முகவர் இல்லை.

கொழும்பு அழைப்பு வேறு விதம். அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் என்ன தாள்?

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான். கழகங்கள் கையெழுத்து வாங்கும் தாள் பெரும்பாலும் பதிவுப் படிவம். அதில் கையெழுத்து வைத்தால் பையன் அந்தக் கழகத்தின் ஆட்டக்காரன் ஆகிறான். இன்னொரு கழகத்துக்குப் போகவேண்டுமென்றால் இவர்களிடம் விடுவிப்புக் கேட்டு நிற்கவேண்டி வரும். ஒப்பந்தம் என்பது அது இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, பஸ் காசு, சாப்பாடு, சப்பாத்து போன்ற செலவுகளுக்கு மேலாகச் சம்பளமும் கிடைத்தால்தான் பீபாவின் கணக்கில் அவன் தொழில்முறை ஆட்டக்காரன். இல்லையென்றால் எத்தனை கோல் அடித்தாலும் அமெச்சூர்தான். பதிவுப் படிவம் என்றால் அது எந்தப் பருவத்துக்கு, எப்போது முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் என்றால் 18க்குக் குறைந்தவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் போட முடியாது. நாலு, ஐந்து வருடம் என்று எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 21 வயதில் கொழும்பில் ஒரு கழகத்துக்கு விளையாடப் போனேன். "உன்னைப் பார்த்துக்கொள்கிறோம் தம்பி" என்பதுதான் என் ஒப்பந்தம். மூன்று மாதம் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது மாதம் பயிற்சியில் முழங்கால் திரும்பியது. ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை. இரவுத் தபால் ரயிலில் ஒற்றைக் காலோடு ஹட்டனில் இறங்கினேன். ஸ்கேனுக்கு அப்பா கடன் வாங்கினார். அன்றிலிருந்து, என்னிடம் தாளைக் காட்டும் எந்தப் பிள்ளையிடமும் நான் முதலில் தேடுவது சம்பளத் தொகையை அல்ல, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்ற வரியைத்தான். அது இல்லாத தாளில் மகனை மட்டுமல்ல, கணவரையும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். தங்குமிடம், பரீட்சைக் காலத்தில் விடுமுறை, சம்பளம் எத்தனையாம் திகதி, இவையும் எழுத்தில் வேண்டும். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். பிரதி தரத் தயங்கும் கழகம் சம்பளம் தரவும் தயங்கும்.

படிப்பை விடலாமா என்று அவன் கேட்பதற்குப் பதில், நம் நாட்டுக் கால்பந்தின் நிலைமையில் இருக்கிறது. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் ஆரம்பித்தது, எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நம் அணி இல்லை. அந்த வருடம் 19, 20 வயதில் இருந்த முன்வரிசைப் பையன்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கால்களை மட்டும் நம்பியிருந்தவனுக்கு அந்த மாதங்கள் சும்மா போயின. இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில் இருந்தவர்களுக்கு மாதச் சம்பளமாவது வந்தது. நம் நாட்டில் நிலையான வருமானத்தோடு கால்பந்து விளையாடும் வழிகளில் படைத்தரப்பு அணிகள் முக்கியமானவை. அங்கேயும் கல்விச் சான்றிதழ் கேட்பார்கள். உயர்தரம் சித்தியடைந்து, தேசிய மட்டச் சான்றிதழும் கையில் இருந்தால் விளையாட்டுத் திறமையைக் காட்டிப் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆகவே கொழும்புக்காரரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் பயிற்சிக்கு வரட்டுமா, பரீட்சை முடிந்ததும் முழுநேரமாகச் சேரட்டுமா? பையனை உண்மையில் விரும்பும் கழகம் சம்மதிக்கும். கொழும்புதான் என்றும் இல்லை. 2021 சூப்பர் லீக்கில் விளையாடிய அப்கன்ட்ரி லயன்ஸ் நாவலப்பிட்டிக் கழகம். ஹட்டன், கினிகத்தேனை வழியாகப் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். அங்கேயும் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள்.

பிந்திவிடுமோ என்ற பயம் உங்களைவிட அவனுக்குத்தான் இருக்கும். அவனுக்கு ஜேமி வார்டியின் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகம் 16 வயதில், ஆள் சின்னவன் என்று அவரைக் கழித்துவிட்டது. அப்புறம் ஒரு சின்னக் கழகத்தில் கிழமைக்கு 30 பவுண் வாங்கிக்கொண்டு விளையாடினார், பகலில் தொழிற்சாலை வேலை. லெஸ்டர் சிட்டி அவரை எடுத்தபோது வயது 25. 2016இல் லெஸ்டர் பிரிமியர் லீக்கை வென்றபோது 24 கோல் அவருடையது. முன்வரிசை ஆட்டக்காரன் 17இல் முடிந்துபோவதில்லை. சின்ன வயதிலேயே முடிந்துபோகக்கூடியது ஒன்றுதான். அது தொடைத் தசை.

மைக்கல் ஓவன் 18 வயதில் 1998 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராக அடித்த கோலை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். 1999 ஏப்ரலில், 19 வயதில், லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஓடும்போது பின்தொடைத் தசை கிழிந்தது. 2001இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதே வாங்கினார். ஆனாலும் அந்தப் பழைய வேகம் திரும்பவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்ன வயதிலிருந்தே ஓய்வில்லாமல் விளையாடிய உடம்பு அது. நம் பிள்ளைகள் வேறென்ன செய்கிறார்கள்? பொங்கலுக்கு ஒரு டூர்னமன்ட், மே தினத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. ஒரே நாளில் நாலு மேட்ச், நடுவில் பனிஸும் பிளேன்டீயும். காலையில் குளிரில் நின்றுவிட்டு, உடம்பு சூடாகாமலே பாய்ந்து ஓடுகிறான். கிழியாமல் என்ன செய்யும்? பீபாவின் '11 பிளஸ்' என்ற உடல் தயார்ப்படுத்தல் 20 நிமிடம்தான், காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்திலேயே செய்யலாம். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை அவன் செய்யட்டும். ஒரு நாளில் இரண்டு மேட்சுக்கு மேல் வேண்டாம் என்று தோட்டத்துக் கழகத்தாரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டில் ரொட்டியோடு ஒரு முட்டை, பருப்பு, நெத்தலி சேர்ந்தால் போதும். டப்பா பவுடருக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தேர்வில் அவன் தோற்றால் அங்கேதான் தோற்பான். நம் தோட்டத்து மைதானங்கள் சின்னவை. ஒரு பக்கம் சரிவு, பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டம் நிற்கும். அதில் வளர்ந்தவனுக்குப் பந்து காலோடு ஒட்டியிருக்கும், இரண்டு பேருக்கு நடுவில் திரும்பிவிடுவான். கொழும்புப் பையன்களிடம் அது குறைவு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய மைதானம் 105 மீற்றர் நீளம். அங்கே முன்வரிசைக்காரன் பந்து இல்லாமல் ஓடும் ஓட்டத்தைத்தான் தேர்வாளர் பார்ப்பார். எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கும் தவறுதான் ஓஃப்சைட்; நம் ஆட்டங்களில் அதை யார் பார்க்கிறார்கள்? பையன் கோலுக்குப் பக்கத்திலேயே நின்று பழகிவிடுகிறான். தேர்வுக்குப் போனால் கொடி மேல் கொடியாக ஏறும், 20 நிமிடத்தில் மனம் உடைந்துவிடும். எதிரணித் தடுப்பாளரின் முதுகுப் பக்கம் நின்று, பந்து கொடுப்பவன் தலையைத் தூக்கும் அந்தக் கணத்தில், நேராக அல்லாமல் வளைந்து ஓடப் பழகவேண்டும். ஹட்டன் டன்பாரிலோ நோர்வூட்டிலோ முழு மைதானம் கிடைக்கும் நாட்களில் கோல் அடிப்பதை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யட்டும். வெயில் இன்னொன்று. நம் குளிரில் 90 நிமிடம் ஓடுகிறவன் கொழும்பு வெக்கையில் அரை மணிக்கே தளர்ந்துவிடுவான். உடம்பு பழக ஒன்றிரண்டு கிழமை வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு போய் இறங்காமல், அப்பாவோடு பத்து நாள் முன்னதாகவே தங்கட்டும்.

இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு, அடையாள அட்டை மூன்றையும் எடுத்துப் பெயரையும் பிறந்த திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்தில் எழுதிய பிறப்புப் பதிவில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலையில் வேறு மாதிரி என்பது நமக்குப் பழகிப்போன கதை. கழகப் பதிவிலும் பிற்காலத்தில் கடவுச்சீட்டிலும் அந்த ஒரு எழுத்துதான் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். தோட்டத்துக் கழகம் லீக்கில் பதிந்த கழகமாக இருந்தால் இவன் பெயரும் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 12 வயதிலிருந்து எங்கே பதிந்து விளையாடினான் என்பது அவனோடு கூடவே வரும் வரலாறு. நாளைக்கு அவன் பெரிய தொகைக்கு வெளிநாட்டுக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 வீதம் அவனை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குப் பங்காகப் போகும். தோட்டத்துக் கழகத்துக்கு வலை வாங்க அதில் ஒரு துளி வந்தாலும் போதும்.

கடிதத்தின் அடியில், பென்சிலால், தம்பி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தான்: "சேர், எனக்கு இடது கால் வராது. என்ன செய்யலாம்?" தம்பி, லயத்துச் சுவர் வேண்டாம், ஆட்கள் ஏசுவார்கள். பெரட்டுக்களத்தின் பக்கச் சுவரில் சோக்கட்டியால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு போடு. எட்டடி தள்ளி நின்று, இடது காலின் உட்பக்கத்தால் கோட்டுக்குக் கீழே நூறு தடவை அடி, திரும்பி வரும் பந்தை அதே காலால் நிறுத்து. ஒரு மாதம் போனதும் பன்னிரண்டு அடிக்குத் தள்ளி நில். மூன்றாம் மாதம் முடிகிறபோது மறுபடி எனக்கு எழுது.