மேயர்ஹோல்ட் மேடையும் சோவியத் மான்டாஜும்: கேள்வி பதில்

கேள்வி: மான்டாஜ் (ஷாட்டுகளை வெட்டி ஒட்டிப் பொருள் உண்டாக்கும் முறை) எடிட்டிங் டேபிளில் பிறந்ததுதானே? நாடகத்துக்கு அதில் என்ன பங்கு?

பதில்: சோவியத் திரைப்பட இயக்குநர் குலெஷோவுக்கு எடிட்டிங் டேபிள்தான். இன்னொரு இயக்குநரான ஐசன்ஸ்டைனுக்கு மேடை. 1923இல் மாஸ்கோ புரோலெட்குல்ட் (தொழிலாளர் பண்பாட்டு இயக்கம்) நாடகக் குழுவுக்காக ஆஸ்த்ரோவ்ஸ்கியின் 19ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகம் ஒன்றைச் சர்க்கஸாகவே மாற்றினார். கோமாளிகள், பார்வையாளர் தலைக்கு மேல் கம்பி நடை, நடுவில் திரையிட ஒரு குட்டிப் படம், கடைசியில் இருக்கைகளுக்கு அடியில் வெடி! அதே ஆண்டு ‘லெஃப்’ இதழில் அவர் எழுதிய ‘ஈர்ப்புகளின் மான்டாஜ்’ கட்டுரை பேசுவது நாடகத்தைத்தான். பார்வையாளருக்கு எந்த இடத்தில் எந்த அதிர்ச்சி தர வேண்டும் என்று கணக்குப் போட்டு அடுக்குவதே அதன் சாரம். கதை வரிசை இரண்டாம்பட்சம். அவருடைய ‘வேலைநிறுத்தம்’ படத்தின் முடிவில் தொழிலாளர் படுகொலையோடு மாடு அறுக்கும் காட்சியை வெட்டி வெட்டிச் சேர்த்திருப்பதும் இந்தக் கணக்குதான்.

கேள்வி: சார், எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் பயோமெக்கானிக்ஸ் (நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் வகுத்த நடிகர் உடற்பயிற்சி முறை) செய்து பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாக. மேயர்ஹோல்டின் பயிற்சிகளில் ‘கல்லெறிதல்’, ‘கன்னத்தில் அறை’ இரண்டும் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொரு செயலையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதலாவது ‘ஓட்காஸ்’: செயலுக்கு எதிர்த்திசையில் அசைவு. முன்னால் எறிய வேண்டுமானால் முதலில் முழு உடலும் பின்னால் போக வேண்டும். அடுத்தது ‘பொசில்’, செயல். பிறகு ‘தோச்கா’, அசையாமல் நிறுத்துதல்.

பெரும்பாலானவர்கள் சொதப்புவது ஓட்காஸில். அவசரத்தில் அதை விழுங்கிவிட்டால், அறை வருகிறது என்று எதிரே நிற்பவருக்கும் தெரியாது, பார்வையாளருக்கும் தெரியாது. நேரம் தவறி உண்மையாகவே அடி விழும். அடுத்த பிழை கையை மட்டும் ஆட்டுவது. அசைவு பாதத்தில் தொடங்கி இடுப்பு வழியாகக் கைக்கு வர வேண்டும். தோச்காவில் தள்ளாடினால் முழங்காலை விறைப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள், லேசாக மடக்குங்கள்.

கேள்வி: இந்த அசைவைத் திரையில் எங்கே பார்க்கலாம்?

பதில்: ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) படத்தில் மாலுமி தட்டை உடைக்கும் இடம். கண் சிமிட்டும் நேரத்துச் செயல். அதை ஐசன்ஸ்டைன் பல ஷாட்டுகளாக உடைத்து, கை ஓங்குவதை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டியிருக்கிறார். நடிகர் மேடையில் உடலால் செய்த பிரிப்பை இங்கே கத்தரி செய்கிறது. ஐசன்ஸ்டைன் 1921-22இல் மேயர்ஹோல்டின் இயக்குநர் பட்டறையில் மாணவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: ‘ஏலிடா’ படம்தானே (1924) கன்ஸ்ட்ரக்டிவிச (கலையை எந்திரம்போல் கட்டமைக்கும் பாணி) சினிமாவுக்குச் சிறந்த உதாரணம்?

பதில்: உடைகளுக்கு, ஆம். செவ்வாய்க் கிரக ஆடைகளை வடிவமைத்த அலெக்சாந்த்ரா எக்ஸ்தர், நாடக இயக்குநர் தாயிரோவின் காமெர்னி தியேட்டருக்கு வேலை செய்தவர். ஆனால் மாஸ்கோ காட்சிகள் பழைய பாணியிலேயே நடக்கின்றன. செட்டும் உடையும் மட்டும் மாறினால் சினிமா மாறிவிடாது என்பதற்கே அந்தப் படம் நல்ல சான்று.

கேள்வி: ஐசன்ஸ்டைன் ஏன் நாடகத்தை விட்டார்?

பதில்: 1924இல் ‘வாயு முகமூடிகள்’ நாடகத்தை மாஸ்கோ எரிவாயுத் தொழிற்சாலைக்கு உள்ளேயே நடத்தினார். நிஜ இயந்திரங்கள், நிஜ வாடை. அவற்றுக்கு நடுவே நடிப்பு பொய்யாகத் தெரிந்தது, நாடகம் எடுபடவில்லை. நிஜப் பொருளை வைத்தே வேலை செய்ய வேண்டும் என்றால் கேமராதான் வழி. அடுத்தது ‘வேலைநிறுத்தம்’, அதே புரோலெட்குல்ட் நடிகர்களோடு. அதில் உளவாளிகளுக்கு ஆந்தை, நரி, குரங்கு, புல்டாக் என்று பெயர். சர்க்கஸ் முகமூடி அப்படியே படத்துக்குள் வந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் எல்லா சோவியத் இயக்குநர்களும் மேயர்ஹோல்ட் வாரிசுகளா?

பதில்: இல்லை. இந்தப் பொதுமைப்படுத்தல்தான் பாடப்புத்தகங்களின் பெரிய தொல்லை. ஆவணப்பட இயக்குநர் வெர்தோவ் நாடகத்தையே வேண்டாம் என்றவர். புதோவ்கினின் ‘தாய்’ (1926) படத்தின் முக்கிய நடிகர்கள் பரனோவ்ஸ்கயாவும் பதாலோவும் மேயர்ஹோல்ட் எதிர்த்த மாஸ்கோ கலை அரங்கிலிருந்து வந்தவர்கள். குலெஷோவின் பட்டறை, ஃபிலிம் தட்டுப்பாட்டால் ‘ஃபிலிம் இல்லாத படங்களை’ மேடையில் நடித்துப் பழகியது. அவருடைய உடலசைவு இலக்கணம் பிரெஞ்சு உடலசைவு ஆசிரியர் தெல்சார்த்தின் முறையிலிருந்து வந்தது. மேயர்ஹோல்டுக்கு நெருக்கமானவர்கள் வேண்டுமென்றால் பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பக்கம் போங்கள். 1922இல் கோகோலின் ‘திருமணம்’ நாடகத்தைச் சர்க்கஸாக்கிய கோஜிந்த்செவுக்கு அப்போது வயது 17. அவரும் த்ராவ்பெர்கும் நடத்திய ‘ஃபெக்ஸ்’ (விசித்திர நடிகர் தொழிற்சாலை) பட்டறையில் நடிகர்களுக்கு குத்துச்சண்டையும் அக்ரோபாட்டிக்ஸும் கட்டாயம். அவர்களுடைய ‘மேலங்கி’ (1926) படத்தை எடுத்துக்கொண்டு, எழுத்தராக வருபவரின் முதுகையும் முழங்காலையும் மட்டும் பாருங்கள்.