கைடுக்கு எத்தனை பேப்பர், எத்தனை மேற்கோள்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆராய்ச்சிப் படிப்பு பற்றிக் கேட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. வேதி இயற்பியலில், அதாவது மூலக்கூறுகளை இயற்பியலின் கணக்கால் ஆராயும் துறையில், நெடுநாள் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி, தேயிலை விவசாயி: மகள் பி.எச்.டி. சேரப் போகிறாள். கைடுக்கு ஹெச்-இண்டெக்ஸ் 31 என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அது மார்க் மாதிரியா சார்?

மார்க் இல்லை ஐயா. ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை எடுத்துக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 5, 4, 1 என்று மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படி அதிகத்திலிருந்து குறைவாக அடுக்கி, எத்தனையாவது கட்டுரை வரை அந்த எண்ணுக்குக் குறையாத மேற்கோள் இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஹெச்-இண்டெக்ஸ். நாலாவது கட்டுரைக்கு நாலுக்குக் குறையாமல் இருக்கிறது; ஐந்தாவதுக்கு ஐந்து இல்லை. ஆகவே அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் கொண்டுவந்த கணக்கு இது. 31 என்பது நல்ல உழைப்புதான். ஆனால் இந்த எண் வருஷம் போகப் போக ஏறுமே தவிர இறங்காது. அதனால் மூத்தவரையும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரையும் இதை வைத்து ஒப்பிடக் கூடாது. தராசு எடையைத்தான் சொல்லும். கொழுந்தா, முற்றின இலையா என்று பார்க்க மூட்டையைப் பிரிக்கத்தானே வேண்டும்?

ஊட்டி, எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்: ஒரு கைடு 200 பேப்பர் போட்டிருக்கிறார். இன்னொருவர் 45தான். யாரிடம் சேரலாம்?

எண்ணை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டியலைத் திறங்கள் தம்பி. முதல் பெயராக யார் வருகிறார்கள்? நம் துறையில் பெரும்பாலும் வேலை செய்த மாணவர் முதலிலும், கைடு கடைசியிலும் வருவார்கள். மாணவர்களின் பெயர்கள் முதலில் மாறி மாறி வந்தால், அங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், மேற்கோள் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். லீ, யாங், பார் மூவரும் 1988-ல் எழுதிய கட்டுரையும், பெக்கே 1993-ல் எழுதியதும் உலகிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் சேர்ந்தவை. மூலக்கூறின் எலக்ட்ரான்களைக் கணினியில் கணக்கிட 'பி3லிப்' முறையைப் பயன்படுத்துகிறவர்கள் இவற்றை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டுரைகளைப் பிரித்தே பார்க்காதவர்கள்கூடக் குறிப்பிடுவார்கள். அவை மகத்தான வேலைகள், சந்தேகமே இல்லை. ஆனால் லேசர் வைத்து ஒரு மூலக்கூறின் அதிர்வை இரண்டு வருஷம் அளந்து எழுதிய கட்டுரைக்கு முப்பது மேற்கோள்தான் கிடைக்கலாம். அந்த முப்பது பேரும் வரிக்கு வரி படித்திருப்பார்கள். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமே இல்லை.

தன் கட்டுரையைத் தானே குறிப்பிடுவதையும் கழித்துப் பாருங்கள். தொடர்ச்சியான வேலையில் கொஞ்சம் இருக்கும், அது தவறில்லை. பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தால் யோசியுங்கள். கடைசியில் இருவருடைய கட்டுரைகளிலும் மும்மூன்றை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். எதைப் படிக்கும்போது உங்களுக்குக் கேள்வி எழுகிறதோ, அவரிடம் போங்கள்.

குன்னூர், ஆய்வு மாணவி: இன்னும் மூன்று மாதத்தில் கல்யாணம். இனிஷியல் மாற்றினால் பிரச்சனையா?

கட்டுரையில் மாற்றாதீர்கள் அம்மா. இதை அழுத்திச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான். இதழ்களோ முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒருமுறை இனிஷியல் முன்னால், ஒருமுறை பின்னால், இன்னொருமுறை விரித்து எழுதினால், ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்துவிடுவார். என் மாணவி ஒருவர் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்துக்கு மாறினார். முதல் நான்கு கட்டுரைகள் வேறு யாருடையதோ போலத் தனியே நின்றன. வேலைக்கு விண்ணப்பித்தபோது அவற்றைச் சேர்க்க அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. முதல் கட்டுரையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பெயர் எப்படி மாறினாலும் ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் 'ஆர்கிட்' என்ற 16 இலக்க எண் 2012 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

கொடைக்கானல், கல்லூரி ஆசிரியை: பழைய வேலைகளுக்கு மேற்கோள் குறைவாகத் தெரிகிறதே, ஏன்?

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1909-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கண்டார். இன்று 'எவர்ஷெட் விளைவு' என்று எழுதினாலே போதும். மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே பலர் எழுதிவிடுகிறார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் அது சேராது.

ஊட்டி, பெயர் வேண்டாம் என்றவர்: இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழில்தான் போட வேண்டுமா?

அது இதழின் சராசரி. உங்கள் கட்டுரையின் மதிப்பு அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 1933-ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்' இதழுக்கு அது 3, 4 என்ற அளவில்தான். ஆனால் துறைக்காரர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். உங்கள் கட்டுரையை யார் படிக்க வேண்டுமோ அவர்கள் படிக்கும் இதழுக்கு அனுப்புங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் அதற்குப் பதிலே போடாதீர்கள்.